மகளுக்கு ரத்தப் புற்றுநோய்: வீட்டில் யாரிடம் என்ன சொல்வது?

கேள்வி: சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வயதில் மகன், நாலரை வயதில் மகள். மகளுக்கு ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், கால்வலி. ரத்தப் பரிசோதனையில் சந்தேகப்பட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து ஏ.எல்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரமாகச் சிகிச்சை நடக்கிறது. மனைவி மகளோடு வார்டில் இருக்கிறாள். நான் வாரக் கடைசியில் போய் வருகிறேன். மகன் என் அம்மாவிடம் இருக்கிறான், தங்கைக்குக் காய்ச்சல் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறோம். மகளுக்கும் ஒன்றும் தெரியாது. கிரகணத்தன்று என் மனைவி வெளியே போனதால் வந்தது என்கிறார் அம்மா. நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், அதனால் இருக்குமோ என்று எனக்கும் ஓடுகிறது. ஒரு உறவினர் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார். மனைவி கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் முன்னால் அழுததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அழுகிறேன். இப்போதெல்லாம் இரவில் கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாமா? இதை எப்படித்தான் தாங்குவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பெற்றோர்களோடு பேசுவதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தில் நேரடியாகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளை பிழைப்பாளா? முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நம் தலைமுறைக்கு ரத்தப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது சினிமா. இருமலில் ரத்தம் வரும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார், கிளைமாக்ஸில் உயிர் போய்விடும். ஒரு காலத்தில் அது பொய்யும் இல்லை. 1940கள் வரை இந்த நோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். 1947 கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தணிந்தது, கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அந்த மருந்தை அவருக்குத் தயாரித்துக் கொடுத்தது யெல்லாப்ரகத சுப்பாராவ் வழிநடத்திய ஆய்வுக்குழு. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உங்கள் மகள் பின்னால் வாரத்துக்கு ஒருமுறை விழுங்கப்போகும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அதே குடும்பத்து மருந்து.

இன்றைக்கு ஏ.எல்.எல். என்பது குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது, நன்றாகக் குணமாவதும்கூட. வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் கணக்கு அதைவிடக் குறைவு. அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: சிகிச்சையின்போது வரும் தொற்று, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. இரண்டிலும் பெற்றோரால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை நான் சொல்ல முடியாது. முதல் கட்டச் சிகிச்சை நாலைந்து வாரத்தில் முடியும். அப்போது மஜ்ஜையை மறுபடி பார்ப்பார்கள். அதற்குப் பிறகு டாக்டரிடம் உட்கார்ந்து, ‘என் பிள்ளை எந்த ஆபத்துப் பிரிவில் இருக்கிறாள், மிச்சம் நோய் இருக்கிறதா’ என்று கேளுங்கள். நீங்களும் மனைவியும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். அந்தச் சோதனையில் நல்ல செய்தி வந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மொத்தச் சிகிச்சை சுமார் இரண்டரை ஆண்டு. பிள்ளை ஓடியாடி விளையாட ஆரம்பித்ததும் ‘இனி எதற்கு மருந்து’ என்று நிறுத்திய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தாங்குவது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மனைவிக்குத் தெரியாமல் நீங்கள் அழுகிறீர்கள். மகளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகனிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறீர்கள். அம்மா சொன்னதை மனைவியிடம் மறைத்திருப்பீர்கள், அவளும் காதில் விழுந்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பாள். ஆளுக்கு ஒரு பொய், அதைக் காப்பாற்ற ஆளுக்கு ஒரு முகம். இந்த மூன்று வாரத்தில் உங்களை அதிகம் களைப்பாக்கியது நோயைவிட இந்த மறைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயை இறக்கிவைக்க உங்களால் முடியாது. இதை முடியும், இந்த வாரமே.

முதலில் மகள். நாலரை வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புவது பெரியவர்களின் ஆறுதலுக்காகத்தான். வீட்டை விட்டு வந்தாயிற்று, தினமும் ஊசி, பக்கத்துக் கட்டிலில் மொட்டைத் தலையோடு ஒரு அண்ணன், வராந்தாவில் அம்மா கண்ணைத் துடைக்கிறாள். அவள் ஒரு கதை கட்டிவைத்திருப்பாள். அந்த வயதில் பிள்ளைகள் கட்டும் கதை பெரும்பாலும் ‘நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்’ என்பதுதான். இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று மிரட்டாத வீடு எது? வருஷக்கணக்காக ஊசியைத் தண்டனையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இப்போது தினமும் ஊசி. அவள் வேறு என்ன நினைப்பாள்?

அதனால் சொல்லுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். ‘பாப்பா, உன் ரத்தத்துல ஒரு வியாதி வந்திருக்கு. அதுக்கு லுகேமியான்னு பேர். நீ தப்பு பண்ணினதால வரல, யாராலயும் வரல. அதைச் சரிபண்ண ரொம்ப நாள் மருந்து சாப்பிடணும். அம்மா உன்கூடவே இருப்பா.’ இவ்வளவு போதும். அடுத்து அவள் கேட்டால் சொல்லுங்கள், பொம்மையோடு விளையாடப் போய்விட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து இட்லி சாப்பிடும்போது கேள்வி வரும். ‘செத்துப்போயிடுவேனா’ என்றுகூடக் கேட்கலாம். ‘சீ, அப்படிப் பேசாதே’ என்று வாயை அடைத்துவிட்டால் அந்தப் பயத்தோடு அவள் தனியாக இருக்க வேண்டியதுதான். ‘உன்னைச் சரியாக்கத்தான் டாக்டருங்க மருந்து கொடுக்கிறாங்க. உனக்குப் பயமா இருக்கா? என்னன்னு சொல்லு’ என்று மடியில் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு முன்னால் ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்ல வேண்டாம். வலிக்கும், அப்புறம் உங்களை நம்ப மாட்டாள். ‘கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும், கத்தணும்னா கத்திக்கோ, கையை மட்டும் ஆட்டாதே’ என்பது நல்ல ஒப்பந்தம். ஊசி போடும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் தடவ வேண்டும், நர்சிடம் கேளுங்கள். முதுகில் போடும் ஊசியைப் பற்றி ஊரில் பயம் காட்டியிருப்பார்கள், இடுப்பு போய்விடும் என்று. அப்படிப் போவதில்லை. மற்ற மருந்துகள் மூளைப் பக்கம் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை, அங்கே நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஊசி.

முடி கொட்டப்போவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் மட்டும் நமக்கு ஒரு வசதி. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மொட்டைத் தலை அவ்வளவு அதிர்ச்சி தருவதில்லை. அம்மாக்கள்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள்.

இன்னொன்று, யாரும் முன்னால் சொல்லிவைக்காததால் பெற்றோர் மிரண்டுபோவது. முதல் கட்டத்தில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சாதுவாக இருந்த பிள்ளை கத்தும், அடிக்கும், ராத்திரி இரண்டு மணிக்குத் தயிர் சாதமும் சிப்ஸும் கேட்கும், முகம் உப்பிப்போகும். ‘இது என் பிள்ளையே இல்லை’ என்று ஒரு அம்மா சொன்னார். அது மருந்தின் வேலை, நிறுத்தினால் அடங்கிவிடும். அந்த நாட்களில் வளர்ப்பு, ஒழுக்கம் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் அடித்தால் ‘அடிக்கக் கூடாது’ என்று சொல்லலாம், நோயாளிப் பிள்ளை என்பதற்காக எல்லா விதியையும் தூக்கிப் போட்டால் பிள்ளைக்கே பயம் வந்துவிடும். வின்கிரிஸ்டின் என்ற மருந்தால் கால் வலிக்கும், மலச்சிக்கல் வரும், சில பிள்ளைகள் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து உங்கள் மகன். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தவன் அவன்தான். அவனைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. ஒன்பது வயதுப் பையனுக்கு மூன்று வாரக் காய்ச்சலுக்குச் சென்னை வரை போக மாட்டார்கள் என்று தெரியும். பாட்டி போனில் பேசுவதைக் கேட்டிருப்பான், தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். தங்கையைத் தள்ளிவிட்டது, சண்டையில் ‘நீ செத்துப் போ’ என்று சொன்னது, ஏதாவது ஒன்று அவன் நெஞ்சில் முள்ளாக இருக்கலாம். நோயுள்ள பிள்ளைகளின் அண்ணன் தம்பி அக்காக்கள் இப்படி என்னிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் அவனைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஒட்டாது, அவனால் வரவில்லை, அவனுக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த மூன்றையும் அவன் கேட்காமலே சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இல்லாத நாளில் வார்டு விதி அனுமதித்தால் தங்கையைப் பார்க்கக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் தினமும் வீடியோவில் பேசட்டும். அவன் வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். மார்க் குறைந்தால் அவர் திட்டாமல் இருப்பார்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வியையே கேட்கிறார் என்கிறீர்கள். அவர் தகவல் கேட்கவில்லை. நீங்களும் பயந்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். நீங்கள் தைரியமாக இருப்பதாகக் காட்டக் காட்ட, இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று அவருக்குப் படும். உங்களுக்கோ, இவள் உடைந்துவிட்டாள், நான் வேறு அழுதால் அவ்வளவுதான் என்று படும். பஸ்ஸில் அழுவதை ஒருநாள் அவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு நிலைமை மோசமான தம்பதியை நான் பார்த்ததில்லை. அப்புறம், வாரக் கடைசியில் போகும்போது நீங்கள் வார்டில் படுங்கள், அவரை வெளியே அனுப்பி ஒரு ராத்திரி தூங்க வையுங்கள். பல வார்டுகளில் அம்மா மட்டும்தான் தங்கலாம் என்ற வழக்கம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், பகலிலாவது விடுவார்கள். உங்கள் கையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும்: மருந்தின் பெயர், ரத்த எண்ணிக்கை, டாக்டரிடம் கேட்க வேண்டியது. எல்லாம் மனைவிக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அவர் ஒரு நாள்கூட நகர முடியாது.

அம்மா விஷயம். கிரகணத்தால் வரவில்லை. உங்கள் மனைவி சாப்பிட்டதால், சாப்பிடாததால் வரவில்லை. சொந்தத்தில் கட்டியதால் உங்கள் மகளுக்கு வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்பதற்குக் காரணமே கிடைப்பதில்லை. மஜ்ஜையில் ஒரு செல் உருவாகும்போது நேர்ந்த பிழை, அவ்வளவுதான். இதை உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் பேச்சு. ‘டாக்டர்கிட்ட நானே கேட்டேன்மா. யார் மேலயும் தப்பில்ல. இனிமே அவகிட்டயோ பிள்ளைங்க காதுலயோ இந்தப் பேச்சு விழக் கூடாது’ என்று கொஞ்சம் கறாராகவே சொல்லுங்கள். நம்பாவிட்டால் ஒருமுறை டாக்டரிடமே கூட்டிப் போங்கள். பேத்தி மேல் உள்ள பயம்தான் அவருக்கு இப்படி வெளியே வருகிறது. நேர்ந்துகொள்ளட்டும், விரதம் இருக்கட்டும், நெற்றியில் விபூதி பூசட்டும். வாயில் போட வேண்டாம், அவ்வளவுதான்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். பச்சையாக அரைத்த எதுவும் வேண்டாம், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் கிருமிதான் போகும். ‘ரத்தம் ஊற’ என்று கொடுக்கும் டானிக்குகளையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும், மெத்தோட்ரெக்சேட் அதற்கு எதிராக வேலை செய்கிற மருந்து. ஆலோசனை சொல்லும் உறவினர்களிடம் தினமும் மல்லுக்கட்ட உங்களுக்குத் தெம்பு இருக்காது. மச்சானையோ, பக்குவமாகப் பேசத் தெரிந்த வேறு ஒருவரையோ பேச்சாளராக வைத்துவிடுங்கள். எல்லாப் போனும் அவருக்குப் போகட்டும்.

பிள்ளை ஊருக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டிய இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன், பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது கொஞ்சம் அடங்கும். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, 100.4க்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலோ அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிவகாசியிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம், அவ்வளவு நேரம் கிடையாது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்று கேட்டு, அங்கே காட்ட ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். இன்னொன்று அம்மை. வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டு, உங்கள் மகள் அவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால், அவளுக்குக் கொப்புளம் வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சென்னைக்குப் போன் பண்ணுங்கள். வேப்பிலை கட்டிக்கொள்ளுங்கள், போனையும் பண்ணுங்கள்.

குடியைப் பற்றி. ‘கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டரை ஆண்டு ஓட வேண்டிய வீட்டில், நடு ராத்திரி காய்ச்சல் வந்தால் வண்டி எடுக்க வேண்டியவர் நீங்கள். குடித்து வரும் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்தும்விடும். தூக்கம்தான் பிரச்சினை என்றால் அதற்கு டாக்டரைப் பாருங்கள். பிள்ளையின் நோயால் ஏற்படும் மன அதிர்ச்சி பிள்ளையைவிடப் பெற்றோருக்கு அதிகம் இருப்பதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம், டாக்டர் அந்தச் செய்தியைச் சொன்ன அறை திரும்பத் திரும்பக் கண்ணில் வரும், போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். வாரங்கள் போயும் குறையாவிட்டாலோ, சாப்பாடும் தூக்கமும் அற்றுப்போனாலோ, எல்லோரும் செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துபோனாலோகூட, உங்களுக்கோ மனைவிக்கோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவமனையில் என்னைப் போல் ஒருவர் இருப்பார். அவரைப் பார்க்க வேண்டும் என்று நர்சிடம் சொன்னால் போதும்.

கடைசியாக, வேலை. விடாதீர்கள். முதல் சில மாதங்கள்தான் அடிக்கடி அட்மிஷன். பராமரிப்புக் கட்டம் வந்ததும் பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை. அதை ஒரு வேளைகூட விடாமல் கொடுப்பதுதான் அப்போது உங்கள் இருவருக்கும் பெரிய வேலை, விட்டுப்போகும் மாத்திரைகள் கூடக்கூட நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுகிறது. அந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனையை மதுரையிலேயே செய்து முடிவை அனுப்பலாமா என்று கேளுங்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, இந்த ஐந்தாறு மாதத்துக்கு ஷிப்ட் மாற்றியோ சம்பளமில்லா விடுப்போ கேட்டுப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு போய் விசாரியுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பயணம் செய்யும் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனைதான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இந்தச் சனிக்கிழமை போகும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இருக்காது.